கண்ணாடி முன் நன்றாகத்தான் இருந்தது: ஆண்கள் உடையும் காலணியும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையின் ட்ரையல் ரூமில் சட்டையைப் போட்டுப் பார்க்கும் ஆண், கைகளைத் தொங்கவிட்டு, வயிற்றைச் சற்றே உள்ளிழுத்து, மூச்சுகூட விடாமல் நிற்கிறார். அந்த அரை நிமிடத் தோற்றத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால் அதே சட்டையோடு மாலையில் நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போனால் நிற்கும் நேரம் குறைவு. இரண்டு மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறோம், மேசைக்குக் குறுக்கே கையை நீட்டுகிறோம், வண்டி ஓட்டி வீடு திரும்புகிறோம். நகரத்துக் கடைகளில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. பொருளை அதன் மிகச் சிறந்த நிமிடத்தில் பார்த்துவிட்டு, அது நம்மோடு கழிக்கப்போகும் மற்ற நேரங்களை மறந்துவிடுகிறோம்.

ஆகவே முதல் தவறு, நின்றபடியே முடிவெடுப்பது. ட்ரையல் ரூமில் முக்காலி இல்லாவிட்டால் வெளியே வந்து கடையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிற்கும்போது பொருத்தமாக இருந்த பேண்ட், உட்கார்ந்ததும் பின்பக்கம் கீழே இறங்கும், தொடையில் இழுபடும், பக்கப் பைகள் காதுபோல விரியும். சட்டையில் வயிற்றுக்கு நேரே உள்ள இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். அடுத்து இரு கைகளையும் முன்னால் நீட்ட வேண்டும். முதுகுத் துணி விறைத்துக்கொண்டால் அந்தச் சட்டையில் வண்டியின் ஹேண்டிலைப் பிடிப்பது தினமும் ஒரு போராட்டம்தான். கையை மேலே தூக்கும்போது டக் செய்த சட்டை முழுவதும் வெளியே வந்துவிடுகிறதென்றால், உடல் நீளம் போதவில்லை அல்லது கைகுழி மிகவும் கீழே வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

'சின்ன வித்தியாசம்தான், ஆல்டர் பண்ணிக்கலாம்' என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவது இரண்டாவது தவறு. பேண்டின் நீளத்தைக் குறைப்பதும், சட்டையின் பக்கங்களைப் பிடிப்பதும், முழுக்கையை ஓர் அங்குலம் ஏற்றுவதும் எந்தத் தையற்காரருக்கும் எளிய வேலைகள். தோள் அப்படியல்ல. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். கோட்டில் அது ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் கையைப் பிரித்து, தோளை வெட்டி, உள்ளிருக்கும் பஞ்சு அட்டையை மாற்றி, மறுபடி கையைப் பொருத்த வேண்டியிருக்கும். அந்தக் கூலிக்கு வேறு கோட்டே பார்த்துவிடலாம். இறுக்கமான உடையைத் தளர்த்த நினைப்பவர், பணம் கொடுக்கும் முன் அதை உள்பக்கம் திருப்பித் தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விட்டிருந்தால்தான் பிரிக்க முடியும். இல்லாத துணியை எந்தக் கைகாரத் தையற்காரரும் உண்டாக்கித் தர முடியாது.

லேபிளில் உள்ள எண்ணை உடம்பின் எண்ணாக எடுத்துக்கொள்வதும் பரவலான பிழை. 34 என்று அச்சிட்ட பேண்டை இன்ச் டேப்பால் அளந்தால் 35, 36 என்று வருவது அரிதல்ல. வாங்குபவரின் மனம் குளிர வேண்டும் என்பதற்காகவே எண்ணைக் குறைத்துப் போடும் வழக்கம் ஆயத்த ஆடைத் தொழிலில் உண்டு. இதற்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருப்பவற்றிலேயே மிகவும் பொருந்தும் சட்டையைப் பட்டன் போட்டு மேசையில் சமமாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோளிலிருந்து தோள் வரை, காலரின் அடியிலிருந்து விளிம்பு வரை என மூன்று அளவுகளை எடுத்து ஃபோனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடையில் எந்தச் சட்டையையும் இதேபோல் விரித்து அளந்தால், போட்டுப் பார்க்கும் முன்பே பாதி சட்டைகள் கழிந்துவிடும். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த மூன்று எண்கள் எஸ், எம், எல் எழுத்துகளைவிடப் பலமடங்கு பயன்படும்.

இனி வெளிச்சம். முன்பு ஒருமுறை, என்னிடம் இருந்த கருப்புக் கோட்டையே கடைக்கு எடுத்துப்போய், அதற்கு இணையாக ஒரு கருப்பு பேண்ட் தேர்ந்தெடுத்தேன். விளக்கின் கீழே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது ஒரே தானில் வெட்டியதுபோல் இருந்தது. மறுநாள் காலை வெயிலில் இறங்கியதும் கோட்டில் லேசான பச்சை ஓட்டமும் பேண்டில் நீல ஓட்டமும் தெரிந்தன. யாரோ இருவரின் உடைகளை மாற்றிப் போட்டுக்கொண்டவன்போல் இருந்தேன். வெவ்வேறு சாயங்களில் தோய்த்த இரு துணிகள் ஒருவகை விளக்கில் ஒன்றுபோலவும் வேறு ஒளியில் மாறுபட்டும் தெரிவதை நிற அறிவியலில் மெட்டாமெரிசம் என்பார்கள். கருப்பு, கருநீலம், சாம்பல் ஆகியவற்றில்தான் இது அதிகம் ஏமாற்றும். துணியைக் கடையின் வாசல் வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். இரவு எட்டு மணிக்குப் போனால் அந்த வெளிச்சம் எங்கும் கிடைக்காது.

துணியின் தரத்தைப் பொறுத்தவரை, பெரிய எண் என்றால் உயர்ந்த பொருள் என்ற எண்ணம் பல இடங்களில் தவறாகப் போகிறது. கம்பளிக் கோட்டுத் துணியின் ஓரத்தில் சூப்பர் 100, சூப்பர் 120, சூப்பர் 150 என்று நெய்திருப்பார்கள். அது இழையின் நுண்மையை மட்டுமே சொல்கிறது: 100-இல் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாது, 120-இல் 17.75, 150-இல் 16.25. எண் ஏற ஏறத் துணி மென்மையாகும். கூடவே கசங்குவதும் எளிதாகும், உராய்வைத் தாங்கும் வலுவும் குறையும். வாரத்தில் நான்கு நாள் அணியப்போகும் கோட்டுக்குச் சூப்பர் 150 எடுப்பது, என் கருத்தில், காசைக் கொடுத்து நொய்மையை வாங்குவது. டி-ஷர்ட்டுகளில் ஜி.எஸ்.எம். என்ற எண், ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்வது. 140 அளவில் இருப்பது மெல்லியது, 180 நடுத்தரம், 220-க்கு மேல் கனமானது. கனமான துணி உடலில் ஒட்டாமல் வடிவாக விழும், ஆனால் வெக்கையில் அதுவே வேதனை.

பருத்தி சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுருங்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. சான்ஃபோர்ட் க்ளூவெட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த, துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறைக்கு அவர் பெயராலேயே சான்ஃபரைசிங் என்று பெயர். அப்படிச் செய்த துணி பிறகு மிகச் சிறிதளவே சுருங்கும். அது செய்யப்படாத கச்சா டெனிம் முதல் ஊறலிலேயே நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை சுருங்கக்கூடும். 32 அங்குல நீளத்தில் அது இரண்டு அங்குலத்துக்கும் மேல். அதனால் ஜீன்ஸை வாங்கிய அன்றே நீளம் வெட்டுவது தவறு. ஒருமுறையாவது துவைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும்.

காலணியில்தான் தவறுக்கு விலை அதிகம், ஏனென்றால் அதைக் கால் கொடுக்கிறது. பகல் முழுவதும் நடந்து நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும். பலருக்கும் இரண்டு பாதங்களும் ஒரே நீளமாக இருப்பதில்லை, ஆகவே மாலையில் போய், வழக்கமாக அணியும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டுப் பார்த்துப் பெரிய பாதத்துக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். எண்ணை மட்டும் சொல்லி வாங்குவது ஆபத்து. இங்கிலாந்து முறையில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் அது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரண்டு ஏணிகளின் படிகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போது, ஒன்றை மற்றொன்றாக மாற்றித்தரும் அட்டவணை எங்காவது தடுமாறத்தான் செய்யும். அகலத்தை அந்த எண்கள் சொல்வதே இல்லை. பக்கவாட்டில் இறுகும் ஷூவுக்குத் தீர்வு ஓர் எண் கூட்டுவதல்ல, அகலமான வார்ப்பில் செய்த வேறு ஷூ. எண்ணைக் கூட்டினால் குதிகால் வழுக்கத் தொடங்கும்.

'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்பது மேல்தோலுக்கு ஓரளவு உண்மை, நீளத்துக்கு ஒருபோதும் உண்மையல்ல.

பெட்டியிலேயே இருந்தால் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கையை நான் நடுத்தெருவில் கைவிட்டேன். ஐந்தாறு ஆண்டுகளாகக் காகிதம் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த ஷூவை ஒரு நிகழ்ச்சிக்காக எடுத்து அணிந்து, வாசலைத் தாண்டி நூறடி போயிருப்பேன். குதிகால் பக்கம் ஏதோ மெத்தென்று அமுங்கியது. திரும்பிப் பார்த்தால் நான் நடந்து வந்த வழியெல்லாம் கருப்பு நிறத்தில், மக்கிய மரக்கட்டைபோல, அடிப்பாகத்தின் துண்டுகள். மேல்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. பாலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிப்பாகம், அணிந்தாலும் அணியாவிட்டாலும், காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த அலமாரியில் இன்னும் வேகமாக. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை எடுக்கும் முன், தயாரித்த மாதமும் ஆண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ நுண்ணிய வெடிப்போ தெரிந்தால், எத்தனை சதவீதத் தள்ளுபடியானாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

தோல் பொருள்களில் 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையை உயர்தரச் சான்றாக எண்ணுவது இன்னொரு மயக்கம். அது தோல் என்று மட்டுமே சொல்கிறது, எந்தத் தரத் தோல் என்று சொல்வதில்லை. மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்ட ஃபுல் கிரெய்ன் தோலில் துளைகளும் சிறு தழும்புகளும் சீரற்றுத் தெரியும், வளைத்தால் இயல்பான நுண்ணிய சுருக்கம் விழும். தோல் துகள்களைப் பசையோடு சேர்த்து அழுத்திய பாண்டட் வகைப் பெல்ட்டோ, விளிம்பைப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும். பக்கிள் மடியும் இடத்தில் சில மாதங்களிலேயே உரியத் தொடங்கும். எந்தக் கீறலும் இல்லாத வழவழப்பைத் தேடுபவர்கள், பெரும்பாலும் பூச்சைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கைக்கடிகாரத்தில் மட்டும் நிலைமை தலைகீழ்: அங்கே கண்ணாடியைப் போதுமான அளவு பார்ப்பதில்லை. மணிக்கட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கும்போது கடிகாரம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பிறர் பார்ப்பதுபோல் பார்க்க, ஆளுயரக் கண்ணாடியில் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். விட்டத்தைவிட முக்கியமானது, வார் கோக்கும் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரையுள்ள நீளம். அது மணிக்கட்டின் மேற்பரப்பைத் தாண்டி வெளியே நீட்டினால் கடிகாரம் பெரிது. 30 மீட்டர் என்று பொறித்திருப்பதைப் படித்துவிட்டு நீச்சல் குளத்தில் இறங்குவோரும் உண்டு. அது அசையாத நீரின் அழுத்தத்தில் செய்யும் சோதனையின் கணக்கு. நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. நீந்துவதற்கு 100 மீட்டர் என்று போட்டதை எடுப்பது நல்லது. குளிர்கண்ணாடி வாங்குபவர்கள் கருமையைப் பாதுகாப்பு என்று கருதுகிறார்கள். கருமை வெளிச்சத்தை மட்டுமே குறைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கருங்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்வதால், அந்தக் கதிர் கண்ணுக்குள் கூடுதலாகவே போக வாய்ப்புண்டு. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் யு.வி. 400 என்ற அடையாளத்தைத்தான் தேட வேண்டும்.

வாசனைத் திரவியத்தைக் காகிதக் கீற்றில் முகர்ந்ததும் வாங்கிவிடாதீர்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வரும் மணம் விரைவில் பறந்துவிடும். அதன் பிறகு தோலில் தங்குவதுதான் நீங்கள் வாங்குவது. மணிக்கட்டில் அடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டுத் திரும்பி வரலாம்.

கடைசியாக, கடைக்குப் போகும் விதம். நண்பர் குழாமோடு, வார இறுதி மாலையில், வழியில் பார்த்த கடைக்குள் நுழைந்து வாங்கியவைதான் நம் அலமாரிகளில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. கூட்டத்தில் விற்பனையாளருக்கு அளவெடுக்க நேரமில்லை, நமக்கு உட்கார்ந்து பார்க்க இடமில்லை, கூட வந்தவர்களுக்கோ அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம். 'சூப்பரா இருக்குடா' என்பது பல நேரங்களில் 'சீக்கிரம் கிளம்பலாம்' என்பதன் மறுபெயர். வேலை நாளின் பிற்பகலில், காலணிக்கு மட்டும் மாலையில், தனியாகப் போகலாம். கோட்டு வாங்கப் போகிறவர் அதனோடு அணியப்போகும் சட்டையையும், பேண்ட் வாங்கப் போகிறவர் அதற்கான ஷூவையும் அணிந்து போக வேண்டும், ஏனென்றால் பேண்டின் நீளத்தைக் குதிகால்தான் தீர்மானிக்கிறது. புதிய தையற்காரரிடம் முதல் நாளே கோட்டுத் துணியைக் கொடுத்துவிடாமல், ஒரு பேண்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் உள்பக்கத்தைப் புரட்டி, வெட்டி எறியாமல் துணியை மடித்து விட்டிருக்கிறாரா என்று பார்த்தால், அடுத்த வேலையை அவரிடம் கொடுக்கலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.