ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகள்: பிறந்த நாள் முதல் எட்டு வாரம் வரை

போன மார்கழியில் எங்கள் ரோஸி ஏழு குட்டி போட்டாள். ஜெர்மன் ஷெப்பர்டு என்றாலே நமக்குப் போலீஸ் நாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1899-ல் ஜெர்மனியில் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது, ஆடு மேய்த்த நாய்களிலிருந்துதான் இதை உருவாக்கினார்கள். அந்த மேய்க்கிற புத்தி ஆறாவது வாரமே எட்டிப் பார்க்கும், அதைப் பிறகு சொல்கிறேன். ஏழில் ஆறு பிழைத்தன. ஒன்றை நான் இழந்தது ஒரு விஷயம் தெரியாததால், அதனால் அந்த இடத்தை மட்டும் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் இடம். தாய் காலை நீட்டிப் படுக்கிற அளவு மரப்பெட்டி போதும். உள்ளே செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள், டைல்ஸ் தரையிலும் விடாதீர்கள். குட்டி வழுக்கி வழுக்கிக் கால் அகன்று போகும். நான் அடியில் சாக்கு, மேலே பழைய வேட்டி, ஓரத்தைப் பெட்டிக்கடியில் இழுத்துச் செருகிவிடுவேன். பிறந்த சில மணி நேரத்திலேயே எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடுத்து தராசு. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கழுத்தில் தளர்வாகக் கட்டி (தினமும் அவிழ்த்துத் தளர்த்த வேண்டும், கழுத்து அவ்வளவு வேகமாகப் பெருக்கும்), காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் லேசாகக் குறைந்தால் பரவாயில்லை, அதற்கப்புறம் தினமும் ஏற வேண்டும். பத்து நாள் வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

இப்போது நான் தவறிய இடம். நம் ஊர் வெயிலுக்கு எதற்குச் சூடு என்று நினைத்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, நடுங்கக்கூட வராது. முதல் வாரம் பெட்டியில் 29 முதல் 32 டிகிரி வேண்டும், மார்கழி இரவில் எங்கள் அறையில் 20 தான் இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை பச்சை நூல் குட்டி மட்டும் தனியே ஒதுங்கிக் கிடந்தது. தொட்டால் வயிறு ஜில்லென்று இருந்தது. பசி என்று நினைத்து உடனே சிரிஞ்சில் பால் புகட்டினேன். மூக்கு வழியே பால் நுரைத்து வந்தது, மதியத்துக்குள் போய்விட்டது.

குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, சரியாக விழுங்கவும் வராது. பால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் சரி. சுண்டுவிரலை வாயில் வைத்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்து குட்டி சப்ப வேண்டும், அதுவரை ஒரு சொட்டும் கூடாது. புகட்டும்போது கைக்குழந்தையைப் போல மல்லாத்தாதீர்கள். தாயிடம் குடிப்பது போலக் குப்புற வைத்து, தலையை லேசாகத் தூக்கினால் போதும். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் முடியும், நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர்தான் சரி.

பெட்டியின் ஒரு ஓரத்துக்கு மட்டும் குண்டு பல்பு போடுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக மறு ஓரம் வேண்டும். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், விலகிக் கிடந்து கத்தினால் புழுக்கம்.

கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், நீங்கள் திறக்க முயல வேண்டாம். பூச்சி மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்து. மூன்றரை வாரத்தில் தட்டில் குழைவான உணவு.

மூன்றாம் வாரத்திலிருந்து வீட்டுச் சத்தத்தோடு பழக்குங்கள். குக்கர் விசில், மிக்ஸி, குடை விரிப்பது, தாடி வைத்தவர், ஓடுகிற பிள்ளைகள் எல்லாம். இந்த இனம் சின்ன வயதில் பார்க்காததைப் பெரிதானதும் சந்தேகிக்கும். தெருவில் மட்டும் இறக்காதீர்கள், பார்வோ வைரஸ் மண்ணில் கிடக்கும், தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கிக் காட்டினால் போதும்.

ஆறு, ஏழு வாரத்தில் கணுக்காலையும் புடவைத் தலைப்பையும் கவ்வும். அது கோபமல்ல, ஆட்டை மடக்குகிற வேலை. அடிக்காதீர்கள், ஓடாதீர்கள். மரம் போல நின்று, வாயில் ஒரு கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள். எங்கள் பாட்டி ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார், பிள்ளைகளுக்குத்தான் நாளானது. எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் குட்டியைக் கொடுக்காதீர்கள், கடிக்கிற அளவைக் கூடப்பிறந்தவைதான் கற்றுத்தருகின்றன.

பின்சேர்க்கை: காது நிற்கக் கால்சியம் சிரப் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். வேண்டாம். பெரிய இனக் குட்டிக்கு மிஞ்சிய கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும், காது நிற்க ஐந்தாறு மாதம்கூட ஆகலாம்.

இன்னொன்று, உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடச் சொன்னார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற மேய்ச்சல் இனங்கள் பலவற்றிலும், சில ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும் ஒரு மரபணுக் குறை உண்டு, அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் போய் உயிரையே எடுக்கலாம். ஊசி போடும் முன் உங்கள் நாயின் இனத்தைச் சொல்லி, மாற்று மருந்து கேளுங்கள்.