“போனாயா?” என்பதை ஆங்கிலத்தில் கேட்பது எப்படி?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு, பிள்ளைகளின் கொப்பிகளில் ஆண்டுதோறும் தவறாமல் காணக்கிடைக்கும் வாக்கியம் “டிட் யூ வென்ட் டு ஹட்டன்?” என்பதாகும். தமிழில் சரியாகச் சிந்திக்கும் பிள்ளைதான் இப்படி எழுதுகிறது என்பதால், திருத்தத்தையும் தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

“போனாயா?” என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘போ’ செயலையும், அதையடுத்த ‘ன்’ காலத்தையும், ‘ஆய்’ முன்னால் இருப்பவரையும், கடைசி ‘ஆ’ வினாவையும் காட்டுகின்றன. தமிழ் ஒரே சொல்லில் கோத்து வைத்திருக்கும் இந்த நான்கையும் ஆங்கிலம் பிரித்து வைக்கிறது. காலத்தையும் வினாவையும் ‘டிட்’ சுமந்துகொண்டு முன்னால் வந்து நிற்க, ஆளைக் குறிக்கும் ‘யூ’ அடுத்து வர, செயல் மட்டும் ‘கோ’ என்று காலக்குறி எதுவுமின்றி நிற்கிறது. ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சொல்லிவிட்டபடியால் ‘வென்ட்’ என்று அதை மறுபடியும் சொல்லக் கூடாது. தமிழில் ‘நீ’ இல்லாமலே கேட்டுவிடலாம் என்ற பழக்கத்தில் ‘யூ’வை விட்டுவிடவும் கூடாது.

பழகுவதற்கு, முதலில் சாதாரண வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். அம்மா இருபது கிலோ கொழுந்து பறித்ததை “ஷீ ப்ளக்ட் ட்வென்ட்டி கிலோஸ்” என்று எழுதுவோம். ‘ப்ளக்ட்’ என்பதன் கடைசியில் ஒலிக்கும் ‘ட்’தான் காலம். அதைக் கழற்றி ‘டிட்’டிடம் ஒப்படைத்தால் “டிட் ஷீ ப்ளக் ட்வென்ட்டி கிலோஸ்?” என்று வினா அமைந்துவிடும். ‘ஸா’ என்பது ‘ஸீ’ ஆகவும், ‘டுக்’ என்பது ‘டேக்’ ஆகவும், ‘ஹேட்’ என்பது ‘ஹேவ்’ ஆகவும் திரும்பும். அவன், அவள், அவர்கள் என யாராக இருந்தாலும் ‘டிட்’ மாறுவதில்லை.

எப்போது, எங்கே, ஏன் என்று கேட்பதற்கு அந்தச் சொல்லை ‘டிட்’டுக்கு முன்னால் வைத்தால் போதும்: “வென் டிட் தி ட்ரெயின் லீவ் நானு ஓயா?” “வாட் டிட் யூ டூ?” என்பதில் கடைசி ‘டூ’வைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ‘டிட்’ காலத்தைச் சொல்லவும் ‘டூ’ செயலைச் சொல்லவும் வருவதால் இரண்டுமே தேவை.

‘ஹூ’ என்ற சொல்லில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். இங்கே நமது வேற்றுமை உருபு கைகொடுக்கிறது. “யாரைப் பார்த்தாய்?” என்று ‘ஐ’ உருபு வந்தால் “ஹூ டிட் யூ ஸீ?” என்று ‘டிட்’ சேர்க்க வேண்டும். “யார் உன்னைப் பார்த்தார்?” என்று செய்தவரையே கேட்டால் ‘டிட்’ வேண்டாம், வினைச்சொல்லும் இறந்தகாலத்திலேயே நிற்கும்: “ஹூ ஸா யூ?” “என்ன நடந்தது?” என்பது “வாட் ஹேப்பண்ட்?” ஆவதும் இதனால்தான்.

‘வாஸ்’, ‘வேர்’ இரண்டும் ‘டிட்’டை நாடாமல் தாமே முன்னால் வந்துவிடும். “வீட்டில் இருந்தாயா?” என்பது “வேர் யூ அட் ஹோம்?” என்றாகும். பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைச்சொற்களுமே இப்படி முன்னால் வரக்கூடியவையாக இருந்து, 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் வினாக்களில் ‘டிட்’ பரவலாக நிலைபெற்றது.

தமிழ் ‘ஆ’ எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும்; “நேற்றா போனாய்?” என்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் ‘டிட்’ இடம்பெயராது. ‘யெஸ்டர்டே’ என்பதைக் குரலில் அழுத்திச் சொல்லியே அந்தப் பொருளைக் கொண்டுவர வேண்டும்.

எழுதியதோடு நிறுத்தாமல் வாய்விட்டும் சொல்லிப் பழகுங்கள். பதுளை ரயிலில் எதிரே அமர்ந்திருக்கும் வெளிநாட்டவர் வேகமாகப் பேசும்போது ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ என்றே காதில் விழும். அந்த ஒலியைக் கேட்டவுடன், அவர் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி உங்களிடம் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு, “யெஸ், ஐ டிட்” என்றோ “நோ, ஐ டிடின்ட்” என்றோ பதில் சொல்லலாம்.