தண்ணீர்ப் பந்தல் வைக்கப் போகிறீர்களா?

சித்திரை பிறந்ததும் ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் முளைக்கும். திறப்பு விழாவன்று மாலை, சால்வை, தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, ரோஸ்மில்க் எல்லாம் இருக்கும். நாலாம் நாள் போய்ப் பாருங்கள். காய்ந்த பானையும், சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளரும், காற்றில் கிழிந்த பேனரும்தான் மிச்சம். பந்தலைத் தூரத்திலேயே பார்த்து, கொஞ்சம் எட்டி நடந்து வந்தவருக்கு அந்தக் காலிப் பானை பெரிய கொடுமை. பந்தலே இல்லாதிருந்தால் வேறு கடையாவது தேடியிருப்பார்.

ஆகவே முதலில் நாள் கணக்கைப் போடுங்கள். பணக் கணக்கு அதற்குப் பிறகு. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த 25 நாளும் ஒரு நாள் விடாமல் ஊற்ற முடியுமா? 500 பேருக்கு நீர்மோர் முடியாவிட்டால் இரண்டு பானைத் தண்ணீர் போதும். அதை 25 நாளும் நிறைத்து வையுங்கள். கையில் இருக்கும் தொகையை 25-ஆல் வகுத்து, வரும் தொகைக்குள் அன்றாடச் செலவை அடக்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே ரோஸ்மில்க்கில் பாதிப் பணத்தைக் கரைத்ததால் படுத்த பந்தல்கள்தான் அதிகம்.

இடம்

பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், சந்தை, கட்டட வேலைக்கு ஆள் நிற்கும் முக்கு: மக்கள் நின்றே ஆக வேண்டிய இடங்கள் இவை. வேம்போ புங்கமோ பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாலை வளைவில் வைக்காதீர்கள். தண்ணீருக்காகச் சட்டென்று பிரேக் போடும் வண்டியால் விபத்து வரும். மாநகராட்சி அல்லது பேரூராட்சி, உள்ளூர்க் காவல் நிலையம், பின்னால் இருக்கும் கடைக்காரர், மூவரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.

மேலே தென்னங்கீற்று போடுங்கள். தகரம் சூட்டைக் கீழே இறக்கும், ஷாமியானா துணி வெளிச்சத்தை மறைக்குமே தவிர வெக்கையை மறைக்காது. உயரம் எட்டடி. மேற்குப் பக்கம் கீற்றை இடுப்பு வரை இறக்கிக் கட்டுங்கள். இரண்டு மணிக்கு மேல் வெயில் அங்கிருந்துதான் சாய்ந்து வரும். காய்ந்த கீற்றுக்கடியில் அடுப்பு கூடவே கூடாது. கொதிக்க வைப்பது, தாளிப்பது எல்லாம் வீட்டிலேயே.

உட்கார இரண்டு பெஞ்சு போடுவது எல்லோருக்கும் தோன்றும். தோன்றாத ஒன்று சுமை இறக்கும் இடம். தலையில் கூடையோடு வரும் அம்மாவுக்கு அதை இறக்க இன்னொருவர் கை வேண்டும், ஏற்றவும் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்ற கூச்சத்திலேயே குடிக்காமல் தாண்டிப் போய்விடுவார். முன்னோர் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டது இதற்குத்தான்: இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். இன்று அதற்குப் பதில் நாலரை அடி உயரத்தில் ஓர் உறுதியான பலகை அடித்தால் போதும். கூடை தானாக அங்கே நழுவி உட்காரும்.

பானை

இருபது, இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும் மண்பானை நான்கு வாங்குங்கள். இரண்டு பந்தலில் இருக்கட்டும், இரண்டு குளிர்ந்துகொண்டிருக்கட்டும். ஊற்றியவுடன் எந்தப் பானையும் தண்ணீரைக் குளிர்விக்காது, ஆறேழு மணி நேரமாவது வேண்டும். இரவே நிறைத்துவிட்டால் காலையில் தயார். பகலில் காலியான பானையில் உடனே ஊற்றிக் கொடுத்தால் வருவது வெறும் குழாய்த் தண்ணீர்.

புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். முதல் இரண்டு முறை நிறைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள், மண்வாடை போய்விடும். திறப்பு விழா அழகுக்காகச் சிலர் பானைக்கு வண்ணம் பூசுவார்கள். அதைவிடப் பெரிய தப்பு இல்லை. பானையின் நுண்துளை வழியே கசியும் ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ச்சி அதனால்தான் வருகிறது. பெயின்ட் அந்தத் துளையை அடைத்துவிடும். விபூதிப் பட்டையோ மஞ்சள் குங்குமமோ வைத்தால் மேல் கழுத்தோடு நிறுத்துங்கள்.

ஆற்று மணலைத் தட்டில் பரப்பி, நனைத்து, அதன் மேல் பானையை அமர்த்துங்கள். சுற்றிலும் ஈரச் சாக்கு. மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் காற்று வறண்டிருப்பதால் பானை நன்றாகக் குளிரும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக மீனுக்குப் போகும் ஐஸ் கட்டியை உடைத்துப் போட்டுவிடாதீர்கள். அது எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தத் தரையில் இழுத்து வந்தது என்று கேட்க ஆள் இருக்காது.

மூன்று நாளைக்கொரு முறை தேங்காய் நாரால் பானையின் உள்ளே தேய்த்து, கழுவி, வெயிலில் காய வையுங்கள். சோப்பு வேண்டாம், மண் அதைக் குடித்துவிட்டு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். ஊற்றுவது கொதித்து ஆறிய தண்ணீராகவோ முத்திரை உடையாத கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். வாயைத் துணியால் கட்டி மேலே மூடி. யாரும் டம்ளரைப் பானைக்குள் விடக் கூடாது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பை ஒன்றுதான் உள்ளே போகலாம், அதுவும் ஒருவர் கையில் மட்டும். குழாய் வைத்த பானை கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நீர்மோர்: 500 பேருக்கு 100 லிட்டர்

ஒருவருக்கு 200 மில்லி. கெட்டித் தயிர் 20 லிட்டர், தண்ணீர் 80 லிட்டர், அதாவது ஒன்றுக்கு நான்கு. இதைவிடத் தண்ணீர் கூடினால் வெறும் உப்புத் தண்ணீர்; குறைந்தால் வயிறு நிறையுமே தவிர தாகம் அடங்காது.

தயிர் உறை ஊற்றுவதில்தான் பாதிப் பந்தல் சொதப்பும். குளிர்காலப் பழக்கத்தில் மாலை ஏழு மணிக்கே உறை ஊற்றிவிடுவார்கள். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும், விடிவதற்குள் புளித்துவிடும். இரவு பதினொரு மணிக்கு, பால் விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கும்போது ஊற்றுங்கள். 20 லிட்டருக்கு ஒரு சின்ன டம்ளர், சுமார் 100 மில்லி உறைமோர் போதும். ஒரே அண்டாவில் வைக்காமல் ஐந்து ஐந்து லிட்டராக நாலு பாத்திரத்தில் வைத்தால், ஒன்று கெட்டாலும் மூன்று தப்பும். காலை ஐந்து மணிக்குத் தோய்ந்ததும் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். ஃபிரிட்ஜ் கொள்ளாவிட்டால் பாத்திரத்தை அகலத் தொட்டியில், குளிர்ந்த தண்ணீருக்குள் கழுத்தளவு நிறுத்தி, தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள்.

100 லிட்டருக்குச் சேர்மானம்: கல்லுப்பு 400 கிராம், தோல் சீவிய இஞ்சி கால் கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், பெருங்காயத் தூள் 15 கிராம், கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் நாலு கட்டு. கல்லுப்பைத் தனியே கரைத்து வடிகட்டுங்கள். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று புரியும். இஞ்சி, மிளகாயை அரைத்து மெல்லிய துணியில் பிழிந்து சாற்றை மட்டும் விடுங்கள். நறுக்கிப் போட்டால் ஒரு குழந்தையின் வாயில் மிளகாய்த் துண்டு சிக்கி, அது அலறுவதைப் பார்த்து அடுத்த பத்துக் குழந்தைகள் கிட்டேயே வராது. கொத்தமல்லியை மூன்று தண்ணீரில் அலசுங்கள். மோரில் வரும் வயிற்றுக் கோளாறுக்குப் பெரும்பாலும் தயிரைத்தான் திட்டுவார்கள், அழுக்கு வந்த வழி கழுவாத தழையாக இருக்கும். கடுகு தாளிப்பு வேண்டாம். வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் மிதந்து டம்ளரில் ஒட்டி, கழுவுகிறவர் உயிரை வாங்கும்.

நூறு லிட்டரையும் காலையிலேயே கலக்காதீர்கள். இருபது இருபதாகக் கடைந்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எவர்சில்வர் டிரம் நல்லது. ஈயம் பூசாத பித்தளை புளிப்பு பட்டால் களிம்பேறும். மண்பானையோ மோர்க்கொழுப்பை உறிஞ்சி நாளைக்கே நாறும். நாலு மணிக்கு மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

ராம நவமிக்கே பந்தல் திறந்துவிட்டால் அன்று பானகமும் சேர்ப்பது வழக்கம். லிட்டருக்கு 100 கிராம் வெல்லம், அரை எலுமிச்சை, அரை டீஸ்பூன் சுக்கு, நாலு ஏலக்காய், சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும். பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டு வாங்குங்கள். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு, அது வயிற்றுக்குள் போனால் விஷம்.

மோர், பானகம் எது இருந்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீர் இருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்பு ஆகாது, சர்க்கரை உள்ளவர்களுக்குப் பானகம் ஆகாது.

டம்ளர்

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் அறுபது வாங்கினால் ஆயுசுக்கும் வரும். மூன்று தொட்டி: முதலில் சோப்பு, அடுத்தது அலச, கடைசியில் வெந்நீர். பிறகு கவிழ்த்துக் காய வைப்பது; துணியால் துடைத்தால் கழுவியதே வீண். கழுவிய தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் வெட்டி மரத்தடிக்கு விடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பந்தலடி சேறாகிவிடும். நாய், ஆடு, மாட்டுக்குக் கீழே ஒரு தொட்டி. காக்கை, குருவிக்கு அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத் தண்ணீரும், உட்கார ஒரு கல்லும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். தூய்மைப் பணியாளர் வந்தால் பேப்பர் கப்பை எடுத்து நீட்டுகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. அப்படி ஒரு கை நீளுமானால் அந்தக் கைக்காரரைக் கழுவுகிற தொட்டிப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

கொடுக்கும் விதம்

“வாங்க, உட்காருங்க” என்பது முதலில், டம்ளர் அடுத்து. வெயிலில் வந்தவர் நின்றபடி மடமடவென்று குடித்தால் புரையேறும். முதலில் தண்ணீர், பிறகு மோர். “இன்னொரு டம்ளர் தரட்டுமா?” என்று நீங்களே கேளுங்கள், ஓசியில் வாங்குகிறோம் என்ற கூச்சத்தில் பாதித் தாகத்தோடு எழுந்து போகிறவர்கள் நிறைய. எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை என்ற விசாரணை வேண்டாம். உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகளுக்கு வண்டியை நிறுத்தி இறங்க நேரமில்லை. வண்டியில் இருந்தபடியே பாட்டிலை நிரப்பிக்கொள்ள ஒரு குழாயைச் சாலைப் பக்கம் வையுங்கள்.

குடிக்கிறவரைப் படம் எடுக்காதீர்கள். பேனர் வேண்டுமானால் “தண்ணீர்” என்று ஒரே சொல், ஐம்பதடியில் தெரியும் அளவில். திங்களூரில் நாயன்மார்களில் ஒருவரான அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தலில் அவர் பெயர் இல்லை. அதுவரை கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசர் பெயர்தான் இருந்தது என்கிறது பெரியபுராணம். உங்கள் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று குழுவில் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றால், வரவு செலவு எழுதி வைக்கும் பலகையின் அடியில் சாக்கட்டியால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊற்றுகிறவருக்கு இரண்டு மணி நேரம்தான் முறை. அதற்கு மேல் நின்றால் முகம் கடுகடுக்கும். கொடுக்கிற தண்ணீரில் அது தெரியும். பதினொன்று முதல் ஒன்று, ஒன்று முதல் மூன்று, மூன்று முதல் ஐந்து என்று 25 நாளுக்கும் பெயர்ப் பட்டியல் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர், கூடவே வர முடியாதவருக்குப் பதில் ஆள் ஒருவர். இரண்டு மணி நேரம் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு, மொள்ளுவது, ஊற்றுவது, நீட்டுவது என்று இருந்து பார்த்தால், காலையில் பூஜையறையில் பிடிபடாத மனசு இங்கே தானாக அடங்கி நிற்கும்.

மயங்கி விழுந்தால்

ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு சர்க்கரைப் பொடி) பாக்கெட் பத்து வாங்கி வையுங்கள். பாக்கெட்டின் மேல் 1 லிட்டர் என்று இருக்கிறதா, 200 மில்லி என்று இருக்கிறதா என்று படித்து, அந்த அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. தலைசுற்றல், தசைப்பிடிப்பு என்று வருகிறவருக்கு நிழலில் உட்கார வைத்து இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடனே 108. வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பிரிக்கும்போது

அக்னி நட்சத்திரம் முடிந்த மறுநாளே பந்தலைக் கழற்றிவிடாதீர்கள், பஞ்சாங்கம் பார்த்து வெயில் இறங்குவதில்லை. மோரை நிறுத்தினாலும் ஒரு பானையை முதல் நல்ல மழை வரை விட்டுவைக்கலாம். அந்தப் பானையையும் எடுக்கும் நாளில், அடுத்த குடிதண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று அட்டையில் அம்புக்குறி போட்டு அதே மரத்தில் கட்டிவிடுங்கள். பானைகளை நாரால் தேய்த்து, இரண்டு நாள் காய வைத்து, வைக்கோல் மேல் கவிழ்த்துப் பரணில் ஏற்றுங்கள்.