தமிழில் ஒரு தொழில்நுட்ப இணையத்தளம்: முதல் கோப்பிலிருந்து வாசகரின் போன் வரை

இணையத்தளம் செய்யப் பழக்கும் பாடங்களுக்கு இணையத்தில் குறைவே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்போகிறவருக்கானவை. தமிழில் எழுதப்போகிறவர் இடறும் இடங்களை அவை தொடுவதில்லை. நான் மட்டக்களப்பில் இருந்து மென்பொருள் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்காகப் பைதன் என்ற நிரல்மொழிக் குறிப்புகள் எழுதும் ஒரு தளத்தையும் நடத்துகிறேன். அதைக் கட்டிய வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு கணினி, நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோட் செயலி, கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு, இவ்வளவும் போதும். காசு தேவையில்லை.

முதலில் ஒரே ஒரு பக்கம்

வேர்ட்பிரஸ், டேட்டாபேஸ் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். குறிப்புகளும் நிரல்களும் மட்டும் உள்ள தளத்துக்கு வெறும் எச்டிஎம்எல் கோப்புகளே போதும். அவை வேகமாகத் திறக்கும், ஹேக் செய்யவும் பெரிதாக எதுவும் இருக்காது.

புதிய ஃபோல்டர் ஒன்றை விஎஸ் கோடில் திறந்து, இண்டெக்ஸ் என்ற பெயரில் ஓர் எச்டிஎம்எல் கோப்பு உண்டாக்குங்கள். பெயர் முழுவதும் சிறிய எழுத்தில் இருக்கட்டும். உள்ளே ஆச்சரியக்குறி ஒன்றை அடித்து டேப் விசையை அழுத்தினால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு முழுவதும் வந்துவிடும். அதில் இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள். ஒன்று, யூடிஎஃப்-8 என்று இருக்கும் சார்செட் வரி, எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டுள்ளன என்று பிரவுசருக்குச் சொல்வது. அது இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியக்கூடும். மற்றது விவ்போர்ட் வரி. அதை எடுத்துவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினித் திரை அகலத்துக்கு வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்து கண்ணுக்கே தெரியாது.

மாற்ற வேண்டியதும் இரண்டு. மேலே மொழி ஆங்கிலம் என்று இருக்கும், அதைத் தமிழுக்குரிய டி, ஏ என்ற இரண்டெழுத்தாக மாற்றுங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலிகள் இதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவெடுக்கின்றன. அடுத்தது, 'டொக்கியுமென்ட்' என்று இருக்கும் தலைப்பு. கூகிள் தேடலில் உங்கள் பக்கம் பெரும்பாலும் அந்தத் தலைப்போடுதான் வரும், ஆகவே பாடத்தின் பெயரை அங்கே எழுதுங்கள்.

இன்றே இணையத்தில் ஏற்றுங்கள்

தளம் வடிவாக வந்த பிறகு வெளியிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு தலைப்பும் ஒரு பந்தியும் இருந்தாலே ஏற்றலாம். கிட்ஹப்பில் புதிய ரெப்போ, அதாவது கோப்புகளை வைக்கும் இடம், ஒன்றைத் தொடங்கி, உங்கள் பயனர்பெயர், புள்ளி, கிட்ஹப், புள்ளி, ஐஓ என்று பெயர் வையுங்கள். பப்ளிக் என்பதைத் தெரிவு செய்து கோப்பை இழுத்துப் போடுங்கள். சில நிமிடத்தில் அதே பெயர் முகவரியாகித் தளம் திறக்கும். திறக்காவிட்டால் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியைப் பாருங்கள். ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம் உண்டு. எழுத்துக்கு அது தாராளம். கிட் கட்டளைகளைப் பிறகு ஆறுதலாகப் பழகலாம். ரெப்போ எல்லோருக்கும் தெரியும் என்பதால் கடவுச்சொல், ஏபிஐ கீ போன்ற இரகசியச் சாவிகள் எதையும் அதில் போடாதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு மூச்சுவிட இடம்

தமிழில் மேலே புள்ளி, கி, கீ போன்றவற்றின் மேல்வளைவு, கீழே ழு, று போன்றவற்றின் சுழி என்று இரு பக்கமும் எழுத்து நீளும். வரி இடைவெளி குறைந்தால் மேல்வரிச் சுழி கீழ்வரிப் புள்ளியில் முட்டும். ஹெட் பகுதிக்குள் ஸ்டைல் டேக் ஒன்றைச் சேர்த்து, அதில் பொடிக்கு எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7, பக்கத்தின் உச்ச அகலம் 700 பிக்சல் என்று கொடுத்துப் பாருங்கள். வாசிப்பு உடனே இலகுவாகும். எழுத்துருவைத் தரவிறக்கச் செய்ய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா என்று ஏற்கனவே நல்ல எழுத்துருக்கள் உண்டு. சான்ஸ் செரிஃப் என்று மட்டும் எழுதினால் அந்தந்தக் கருவி தன்னுடையதை எடுத்துக்கொள்ளும்.

பாமினிக் குறிப்புகள்

இது நம் ஊரில் கட்டாயம் வரும். ஆசிரியர்கள் தரும் பழைய வேர்ட் கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கும். அதைப் பிரதி எடுத்துத் தளத்தில் ஒட்டினால் தமிழ் காணாமல் போய்விடும். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாக நிற்கும். காரணம், பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான், எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் தருகிறது. யூனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆனால் கோப்பு முழுவதையும் ஒரேயடியாகப் போடக்கூடாது. இடையில் இருக்கும் பைதன் நிரலையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

நிரலைப் படமாகப் போடாதீர்கள்

நிரலைப் போனில் படம் பிடித்துப் போட்டால் பிள்ளைக்கு அதைப் பிரதி எடுக்க வழியில்லை, டேட்டாவும் வீண். ஒரு படம் 3, 4 எம்பி இருக்கும். பி, ஆர், இ என்று எழுதும் பிரீ டேக்குக்குள் எழுத்தாகவே போடுங்கள். அதற்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் என்பதை ஓட்டோ என்று வைத்தால், நீண்ட வரி பக்கத்தையே தள்ளிக்கொண்டு போகாமல் தன் பெட்டிக்குள் மட்டும் நகரும். நிரலை வேர்டில் எழுதி ஒட்டவும் வேண்டாம். வேர்ட் நேரான மேற்கோள்குறியை வளைந்ததாக மாற்றிவிடும், பைதனுக்கு அது பிழை. புதிதாகப் படிக்கும் பிள்ளை அதைப் பார்த்துத் தன்னில்தான் குறை என்று நினைத்துவிடும். அது எனக்குப் பெரிய கவலை, அதனால் ஒவ்வொரு நிரலையும் தளத்திலிருந்தே பிரதி எடுத்து ஓட்டிப் பார்த்துத்தான் விடுகிறேன்.

பிழைச் செய்திகளைத் தமிழாக்காமல் அப்படியே ஆங்கிலத்தில் வைத்து, கீழே தமிழில் விளக்குங்கள். பிள்ளைகள் அந்தச் செய்தியைத்தான் கூகிளில் ஒட்டித் தேடுவார்கள்.

முகவரி குறுகட்டும்

கோப்பின் பெயரைத் தமிழில் வைக்க ஆசை வரும், எனக்கும் பிடிக்கும். ஆனால் யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'மட்டக்களப்பு' என்பதில் புள்ளி, உகரக்குறி எல்லாம் சேர்த்து 12 குறியீடுகள், ஆக 36 பைட். முகவரியாகப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறியோடு 3 எழுத்தாகி, 108 எழுத்து வால் ஒன்று வாட்ஸ்அப்பில் போய் விழும். கோப்புப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கட்டும், தலைப்பு தமிழில் இருக்கட்டும்.

போனில் பாருங்கள்

என் வாசகர்களில் சிலர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், கையில் பழைய போன், கணக்குப் பார்த்துப் போடும் டேட்டா. குரோமில் எஃப்12ஐ அழுத்தி, நெட்வேர்க் பகுதியில் வேகத்தை 3ஜி ஆக்கிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் வர நேரமெடுத்தால் முதலில் படங்களைச் சந்தேகியுங்கள். 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (டபிள்யூ, இ, பி, பி) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு வீட்டில் யாருடையதாவது போனை வாங்கி அதிலும் பாருங்கள்.

உங்கள் கணினியில் தெரிந்த படம் தளத்தில் தெரியாவிட்டால் கோப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை ஒன்றாகவே எடுக்கும், கிட்ஹப் வேறாக எடுக்கும். பெயர் சரி, மாற்றம்தான் தெரியவில்லை என்றால் சில நிமிடம் பொறுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிரவுசர் பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்து வரும்.