செயின் ஸ்ப்ராக்கெட்: பார்த்து வாங்குவதும் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பதும்

ஆரணிப் பக்கம் அரிசி ஆலையில் கன்வேயரை ஓட்டவும், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் தோல் காயப்போடும் லைனை நகர்த்தவும் ரோலர் செயின் நிறைய ஓடுகிறது. அதில் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) போய்விட்டால் பலரும் கடையில் கேட்பது, "பல்லு பத்தொன்பது, ஓட்டை நாற்பது எம்.எம்." இந்த இரண்டை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாத சக்கரம்தான் கைக்கு வரும். செயினுக்குத் தகுந்ததுதான் சக்கரம். அதனால் செயினிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: செயினை அடையாளம் காணுங்கள்

பக்கத் தட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் 08பி, 12பி, 60, 80 என்று ஏதாவது எண் தெரியும். 'பி' இருந்தால் பிரிட்டிஷ் வரிசை. வெறும் 40, 60, 80 என்றால் அமெரிக்க வரிசை. எண் அழிந்திருந்தால் மூன்று அளவு எடுங்கள்: ஒரு பின்னின் (மூட்டைக் கோக்கும் சிறு கம்பி) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை உள்ள தூரம் (இதுதான் பிட்ச்), ரோலரின் விட்டம், உள்தட்டுகளுக்கு நடுவே உள்ள அகலம்.

மூன்றும் ஏன் வேண்டும்? 12பி, 60 இரண்டுக்குமே பிட்ச் 19.05 மி.மீ. ஆனால் 12பி-யின் உள் அகலம் 11.68, 60-க்கு 12.57. 60-க்கு வெட்டிய சக்கரத்தின் பல் 12பி செயினுக்குள் இறுக்கிப் பிடிக்கும். 08பி-யும் 40-ம் அப்படித்தான். பிட்ச் 12.70 என்று ஒன்றாக இருந்தாலும் ரோலர் 8.51, 7.92 என்று வேறுபடும். 40-க்கான பல்லின் அடிக்குழியில் 08பி ரோலர் முழுதாக உட்காராது. கையில் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஓட்டினால்தான் சத்தம் போடும்.

படி 2: பற்களின் எண்ணிக்கை

சின்னச் சக்கரத்துக்கு 17 பல்லுக்குக் குறையாமல் பாருங்கள். செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாக மடிந்து மடிந்துதான் சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். 11 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் 4 சதவீதம், 17-ல் 1.7, 25-ல் 0.8. அந்த உதறல்தான் செயினையும் பேரிங்கையும் தின்கிறது.

கியர்பாக்ஸ் நிமிடத்துக்கு 60 சுற்று, கன்வேயருக்கு 30 வேண்டும் என்றால் 19-க்கு 38 போடலாம். செயினில் இரட்டைப்படை லிங்க் (கண்ணி) வையுங்கள். ஒற்றைப்படை வந்தால் அரை லிங்க் போட நேரும், அது பலவீனமானது. லிங்க் இரட்டைப்படையாகவும் சின்னச் சக்கரம் ஒற்றைப்படைப் பல்லாகவும் இருந்தால் ஒரே ரோலர் ஒரே பல்லில் அடிக்கடி விழாது; தேய்மானம் பரவலாகும்.

படி 3: போர் (நடு ஓட்டை), கீவே (கீ உட்காரும் பள்ளம்), உலோகம்

40 மி.மீ. சாஃப்ட்டுக்கு (சக்கரம் மாட்டும் தண்டு) 12×8 மி.மீ. கீ (சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்கும் கட்டை). லேத்தில் போர் போடும்போது பல்லின் நுனியை நம்பி சென்டர் எடுக்க விடாதீர்கள். பல்லின் அடிவட்டத்தில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போர் விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் செயின் ஒரு முறை இறுகி ஒரு முறை தளரும்.

பொதுவான வேலைக்கு இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு), பல்லுக்கு மட்டும் டெம்பர் (கடினப் பதம்) ஏற்றியது போதும். தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்துத் தீட்டிப் போடுவது வேண்டாம்: சூட்டில் டெம்பர் போய்விடும், பல்லின் வடிவமும் வராது. சுண்ணாம்பு, உப்பு, சோடியம் சல்ஃபைடு படும் ஈரப் பிரிவில் துருதான் முதல் எதிரி. அங்கே சக்கரத்தையும் செயினையும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.

படி 4: மாட்டுவது

இரண்டு சக்கரத்தின் முகப்பிலும் நேர்ப்பட்டையோ இழுத்துக் கட்டிய நூலோ வைத்து ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். சாஃப்ட்டுகள் 1 மீட்டர் தள்ளி இருந்தால் தளர்ந்த பக்கம் சுமார் 20 மி.மீ. தொங்கட்டும்.

படி 5: தேய்மானத்தை அளப்பது

சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன் செயினை அளங்கள். "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோமே, தட்டு நீள்வதில்லை. பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்வதால் ஒவ்வொரு மூட்டிலும் இடைவெளி கூடுகிறது. துடைத்து, விறைப்பாக இழுத்து, ஒரு ரோலரின் இடது விளிம்பிலிருந்து அதற்கடுத்த 16-வது ரோலரின் இடது விளிம்பு வரை எஃகு ஸ்கேலால் அளக்க வேண்டும். 12பி-யில் புதிதாக 304.8 மி.மீ. இருக்கும். 314 தொட்டால் 3 சதவீதம் கூடிவிட்டது, கழற்றிவிடுங்கள். பெரிய சக்கரம் 67 பல்லைத் தாண்டினால் வரம்பு இன்னும் குறைவு: 200-ஐப் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 80 பல் என்றால் 2.5 சதவீதம்.

பிட்ச் கூடிய செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். சுமை பல்லின் நுனிப் பக்கம் விழும். அங்கே குழி விழுந்து, பல் ஒருபக்கமாகச் சாய்ந்து கொக்கி போல ஆகும். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்: நல்ல பல் இருபுறமும் ஒரே சாயல், தேய்ந்த பல் சுறாவின் துடுப்பு. கொக்கி விழுந்த பல் ரோலரை விடாமல் சேர்த்து இழுக்கும். டக் டக்கென்ற சத்தம் அதனால்தான். பல்லின் பக்கவாட்டில் மட்டும் பளபளப்பு தெரிந்தால் தேய்மானத்துக்குக் காரணம் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லாதது. சக்கரம் மாற்றினாலும் நேராக்காவிட்டால் அதே கதி.

கொக்கி விழுந்த சக்கரத்தில் புதுச் செயின் மாட்டாதீர்கள். பழைய பிட்ச்சுக்குத் தேய்ந்த பல் புது ரோலரை ஏற்காது. சில பற்களே சுமை தாங்கி, புதுச் செயினும் சீக்கிரம் போகும். சின்னச் சக்கரம் முதலில் தேயும், அதன் பல் அடிக்கடி மாட்டுவதால். தேய்மானம் லேசாக இருந்து, ஹப்பும் (சக்கரத்தின் தடித்த நடுப்பகுதி) இடம் கொடுத்தால், திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம்.

எண்ணெய்

அரிசி ஆலைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உமித்தூசியில் சிலிக்கா உண்டு. கிரீஸ் அப்பினால் தூசி ஒட்டி உரசித் தேய்க்கும் மாவாகிவிடும். அந்தக் கிரீஸ் பின்வரை போவதும் இல்லை. முதலில் துடையுங்கள், பிறகு தளர்ந்த பக்கத்தில் தட்டுகளின் விளிம்பிலே எண்ணெய் விடுங்கள். 40 டிகிரி வரை எஸ்ஏஇ 30 (எஸ்ஏஇ எண் கூடினால் எண்ணெய் கெட்டி), வேலூர் கோடையில் அதற்கு மேல் போகும் நாட்களில் எஸ்ஏஇ 40. துடைத்த துணியில் செந்நிறத் துரு ஒட்டிவந்தால் மூட்டுக்குள் எண்ணெய் போகவில்லை. அந்த லிங்க்கை மடக்கிப் பார்த்து, விறைத்து நின்றால் செயினை மாற்றுங்கள்.