மூச்சிழுத்தால் தோளில் வலி: வாயுப்பிடிப்பு என்று முடிவு செய்வதற்கு முன்

மூச்சை ஆழமாக இழுக்கும்போது தோளில் சுருக்கென்று வலித்தால், வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடிப்பதும், சுளுக்கு என்று தைலம் தேய்ப்பதும் நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது தசைப்பிடிப்பாகவே இருந்து சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால், வலி தோளில் இருப்பதாலேயே கோளாறும் தோளில்தான் இருக்கிறது என்று கொள்வதற்கில்லை.

முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இயல்பாக மூச்சுவிட்டபடியே, வலிக்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். பிறகு முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள். மறு கையின் விரல்களால் தோள்பட்டையைச் சுற்றி அழுத்துங்கள். அப்போது வலி கூடினால், தசையிலோ மூட்டிலோ காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். கையை எப்படி அசைத்தாலும் வலிக்காமல், மூச்சை இழுத்தால் மட்டும் தோளின் நுனியில் குத்தினால், நெஞ்சையும் வயிற்றையும் சந்தேகிக்க வேண்டும். இது ஒரு துப்பு மட்டுமே. மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5 ஆம் நரம்புகளிலிருந்து பிறக்கிறது. தோளின் மேற்புறத் தோலின் உணர்வும் அவற்றில் 3, 4 ஆம் நரம்புகளின் வழியாகவே மூளைக்குச் செல்வதால், உதரவிதானம் உறுத்தப்படும்போது மூளை அதைத் தோள்வலியாக உணர்கிறது.

உதரவிதானத்துக்கு மேலே நுரையீரல் உறை அழற்சி, நிமோனியா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிதல், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தல் ஆகியவை இவ்வலியைத் தரலாம். இதய உறை அழற்சியில், படுத்தால் வலி கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும்.

கீழே இருப்பவைதான் எளிதில் தவறவிடப்படுகின்றன. பித்தப்பை அழற்சியும் கல்லீரல் சீழ்க்கட்டியும் வலது தோளில் வலிக்கலாம். பைக்கிலிருந்து விழுந்து கைப்பிடி இடது விலாவின் கீழே இடித்தவருக்கு, வெளியே சிறு கன்றல் மட்டுமே தெரிந்தாலும், இடது தோள் வலித்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று உடனே பார்த்தாக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு தோள் நுனியும் வலித்தால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பின் ஓரிரு நாள் தோள் வலிப்பது, வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது; பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும்.

மூச்சுத்திணறல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு இறுக்கம், இருமலில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோள்வலியோடு சேர்ந்தாலும், தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை உடனே அழையுங்கள். மருத்துவரிடம் வலியை மட்டும் சொல்லாமல், அண்மையில் பட்ட அடி, செய்த அறுவை, காய்ச்சல், கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவற்றையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதுவரை யாரையும் வயிற்றையோ விலாவையோ அழுத்தி நீவ விடாதீர்கள்.