படத்தைப் பார்த்து எழுதும்போது நாம் விடும் பிழைகள்

ஓர் ஓவியத்தையோ புகைப்படத்தையோ முன்னால் வைத்துக்கொண்டு கதையோ கவிதையோ எழுதிப் பழகுவது நம் மலையகப் பிள்ளைகளுக்கு மிகவும் உகந்த பயிற்சி. செலவில்லை. போனிலேயே உலகத்து ஓவியங்களைப் பார்த்துவிடலாம். நம் இலங்கைத் தீவுக்கு இது புதிதும் அல்ல. சீகிரியாக் குன்றின் பெண் ஓவியங்களைப் பார்த்தவர்கள், கண்ணாடிபோல் பளபளப்பாகப் பூசிய அங்குள்ள ‘கண்ணாடிச் சுவரில்’ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவிதை கீறி வைத்தார்கள். அவற்றில் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் வெளியிட்டார் தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான. அழகைப் புகழ்ந்தவர்கள் அதில் உண்டு. இந்தப் பெண்கள் நம்மோடு பேச மாட்டேன் என்கிறார்களே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையில்தான் கதை தொடங்குகிறது.

அந்த இடத்துக்குப் போகாமல் முதல் பந்தியிலேயே நின்றுவிடுவதுதான் அதிகம் காணும் பிழை. படத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறோம். நெதர்லாந்து ஓவியர் வான்கோ 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேர், மேலே ஒரு விளக்கு, நடுவில் கிழங்குத் தட்டு. இதையே இரண்டு பக்கம் எழுதினால், வாசகர் படத்தையே பார்த்துவிட்டுப் போகலாம். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். நடுவில் இருக்கும் சிறுமி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் முகத்தை ஓவியர் காட்டவே இல்லை. அவளுக்குப் பசியா, தூக்கமா, யார் மீதாவது கோபமா? எழுத வேண்டியவள் அவள்.

ஐரோப்பிய ஓவியம் என்றதும் பனி, பியானோ, வெள்ளைக்காரப் பெயர்கள் என்று தேடிப் போவது இன்னொரு பிழை. தட்டில் நீளும் இந்தக் கைகளே மண்ணைக் கிண்டிய கைகள் என்று வான்கோ தம்பி தியோவுக்கு எழுதியிருந்தார். நுவரெலியாப் பக்கம் கிழங்கு கிண்டும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நகக்கண்ணில் ஏறிய மண் எத்தனை முறை தேய்த்தாலும் போகாது என்பதும், ஈரமான கிழங்கின் மணமும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த அறிவை வெளியே விட்டுவிட்டுப் படத்துக்குள் நுழைவானேன்? அதற்காக எல்லாப் படத்தையும் இழுத்துக்கொண்டு வந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் காம்பராவில் அடைக்கவும் கூடாது. அந்தக் குடும்பம் நெதர்லாந்துக் குடும்பமாகவே இருக்கட்டும். கைகள் மட்டும் நமக்குத் தெரிந்த கைகளாக இருந்தால் போதும்.

எனக்கு மிகவும் வலிக்கும் பிழை, கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைக் கொடுக்கும்போது நடப்பது. பத்துப் பேர் எழுதினால் பத்திலும் அட்டைக்கடி, கண்ணீர், தேநீரில் இரத்தம். அந்தத் துயரம் உண்மை. அதைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிகள் படத்தைப் பார்க்கும் முன்பே நம் கையில் தயாராக இருந்தவை. படத்தில் இருப்பவள் ஒருத்தி. இடுப்பில் கட்டிய படங்குத் துணி கிழிந்த இடத்தை எந்த நூலால் தைத்திருக்கிறாள்? தலையில் கூடைக்கயிறா, அல்லது தோளில் சாக்கா? கையில் கொழுந்தின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு இருக்கிறதா? படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாளே, யார் சிரிக்கச் சொன்னது? இப்படிக் கேட்கக் கேட்க அவள் ‘உழைக்கும் பெண்’ என்ற பொதுப்பெயரிலிருந்து விலகி ஓர் ஆளாகிறாள். நம் மக்களைப் பற்றி மற்றவர்கள் பொதுவாக எழுதியது போதும். நாமும் அதையே செய்யக் கூடாது.

பழைய புகைப்படங்களில் காலமும் இடமும் தடுக்கிவிடும். ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. 1878இல் அவர் எடுத்த ஒரு படத்தில் களுத்துறை மக்கள் சிலர் நிற்கிறார்கள். அவர்களைத் தேயிலை மலையில் நிறுத்தி எழுதினால் கதை சரிந்துவிடும். களுத்துறை கரையோர ஊர். அந்த நாளில் மலைநாட்டிலும் பெரும்பாலும் கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார் என்றாலும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகே தேயிலை மலையெங்கும் பரவியது.

அதே படத்துக்குக் கமரூன் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். படத்தில் உள்ள சிறுமிக்குப் பன்னிரண்டு வயதாம். பக்கத்தில் உள்ள முதியவர் தாமே அவள் தகப்பன் என்கிறாராம், தமக்கு நூறு வயது என்றும் சொல்கிறாராம். குறிப்பை அப்படியே நம்பி எழுதுவதும் பிழை, கண்டுகொள்ளாமல் விடுவதும் பிழை. முதியவர் எந்த மொழியில் சொன்னார்? கமரூன் துரைசானிக்கு அதை மொழிபெயர்த்தது யார்? நடுவில் நின்ற அந்த ஆள் படத்தில் இல்லை. அவர் வாயால் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

“இந்தப் படத்தைப் பார்க்கும்போது என் மனதில்” என்று தொடங்கும் வரியை அடித்துவிடுங்கள். எழுதி முடித்ததைப் படம் பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத இடத்தில் படத்தின் மேல் சாய்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முகநூலில் கிடைத்த, உயிரோடு இருக்கும் ஒரு தோட்டத்து அக்காவின் படத்தை வைத்துக் கதை எழுதினால் கவனம் இன்னும் கூட வேண்டும். குடிகாரப் புருஷன், ஓடிப்போன மகள் என்று கற்பனை செய்து, அதே படத்தோடு வெளியிட்டால், அடுத்த நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவரிடம் ஊரே விசாரிக்கும். அப்படிப்பட்ட கதையைப் படமில்லாமல் வெளியிடுங்கள். ஊர், தோட்டம், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். படம் கட்டாயம் வேண்டும் என்றால், கதையை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.